ஆறு கப்பும் ஒரு பேணியும்

நான் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பெரிய அகராதியைத் தூக்கிக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்குள் போனால் பிள்ளைகளுக்கு ஒரே விளையாட்டுத்தான். எந்தச் சொல்லுக்கு ஆகக் கூடின இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று தேடுவார்கள். தேடித் தேடிக் கடைசியில் ‘செற்’ (set) என்ற சொல்லில் வந்து நிற்பார்கள். ஆங்கிலத்தில் மூன்றே மூன்று எழுத்து. அகராதியிலோ திருப்பத் திருப்ப முடியாது. சூரியன் மறைவதற்கும் அதுதான், தீ வைப்பதற்கும் அதுதான், பயணம் புறப்படுவதற்கும் முறிந்த எலும்பு பொருந்துவதற்கும் அதுதான்.

“ரீச்சர், வெள்ளைக்காரருக்குச் சொல்லுத் தட்டுப்பாடோ?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். இப்படிக் கேட்கிற பிள்ளைகளில் எனக்குக் கோபம் வராது. ஒன்றும் விளங்காமல் “யெஸ் ரீச்சர்” என்று தலையாட்டுகிறவர்களில்தான் வரும்.

வெள்ளைக்காரரைச் சொல்லி என்ன, எங்கள் நெடுங்கேணிப் பக்கம் அந்தச் சொல்லை வாங்கிய நாளிலிருந்து அதற்கு ஓய்வே கொடுக்கவில்லை. கோயில் திருவிழாவுக்குச் சவுண்ட் செற். கரப்பந்தாட்டத்தில் தோற்றுப்போய் வருகிற பொடியளைக் கேட்டால், “முதல் செற் எங்களுக்குத்தான்” என்பார்கள். அதே பொடியள் சந்தியில் கூடி நின்றால், “உது ஒரு செற்றாத் திரியுது” என்று சனம் சொல்லும். முன்வீட்டு அன்ரி பல் செற்றைக் கழற்றி வைத்துவிட்டால் வாசல் படலைப் பக்கம் தலை காட்ட மாட்டார். அப்பாவைக் கேட்கவே வேண்டாம். கட்டிய வரம்பு இறுகினாலும் செற், வாய்க்கால் தண்ணீர் முறை சரிவந்தாலும் செற், டிராக்டர்காரன் நாளைக்கு வருவதாகச் சொன்னாலும் செற். டிராக்டர்காரன் நாளைக்கு வந்ததாகச் சரித்திரமில்லை என்பது வேறு கதை.

இந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லப் பயந்த ஒரு காலமும் இருந்தது. அது தங்கச்சியின் கலியாணப் பேச்சுக் காலம். “செற்றோ?” என்று யாரும் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லவேண்டி வரும்.

தங்கச்சி கடைத்தெருவில் ஒரு தையல் கடை வைத்திருக்கிறாள். முப்பதைத் தாண்டிவிட்டாள். அதுவரைக்கும் மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று தடவையும் அவள் தேத்தண்ணித் தட்டோடு போய் நின்றாள். முதலாவது பொருத்தத்தில் குழம்பியது. இரண்டாவது ஆட்கள், “யோசிச்சுச் சொல்லுறம்” என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. மூன்றாவது அம்மாவின் வாயால் போனது. மாப்பிள்ளையின் சித்தப்பா, “பிள்ளைக்கு வயசு கொஞ்சம் கூடத்தானே” என்று இழுக்க, அம்மா, “உங்கட பொடியனுக்குத் தலைமயிர் கொஞ்சம் குறையத்தானே” என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஆனால் காரியம் கெட்டது.

இந்த நேரத்தில்தான் தங்கச்சியின் ஸ்கூட்டி மாங்குளம் சந்தியில் நின்றுபோனது. பாடசாலைச் சீருடை கொடுக்கப் போன இடத்தில் நடந்தது. அங்கே திருத்தும் கடை வைத்திருந்தவர் பார்த்துச் சரிசெய்து கொடுத்தார். அதன் பிறகு அந்த ஸ்கூட்டிக்கு அடிக்கடி சுகமில்லாமல் போனது. நெடுங்கேணியில் இரண்டு திருத்தும் கடைகள் இருக்க, இவள் ஏன் மாங்குளத்துக்கே உருட்டுகிறாள் என்று எனக்குத்தான் முதலில் மூளையில் தட்டியது. கேட்டேன். மறைக்கவில்லை.

“அக்கா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. அவருக்கும் அப்பிடித்தான். ஆனால் வீட்டால முறைப்படி வந்து கேக்க வேணும் எண்டு அவரின்ர அம்மா நிக்கிறாவாம். வரட்டும். இது சரிவராட்டி இனி ஒருத்தருக்கும் நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுக்க மாட்டன். அவ்வளவுதான்.”

சொன்னால் சொன்னதுதான், அவள் அப்படி ஒரு ஆள். ஆகவே அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னதும் நாங்கள் எல்லோருமே எச்சரிக்கையானோம். நானும் அப்பாவும் முதல்நாளே அம்மாவை இருத்தி வைத்து, “நாளைக்கு நீங்கள் வாயே திறக்கப்படாது” என்று உறுதி வாங்கினோம். அம்மா, “நான் ஏன் கதைக்கிறன், நான் ஒரு மூலையில இருக்கிறன்” என்றார். அந்தக் குரலில் இருந்த அடக்கம் எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

அடுத்த பிரச்சினை கப். எங்கள் வீட்டில் ஒன்றுக்கொன்று சேர்ந்த இரண்டு கப் கிடையாது. ஒன்றுக்குப் பூ, ஒன்றுக்குக் கோடு, ஒன்றுக்குக் காது இல்லை. முன்வீட்டு அன்ரியிடம் கனடாவிலிருந்து மகள் அனுப்பிய ரீ செற் ஒன்று இருந்தது. நீலப் பூப் போட்ட ஆறு கப், ஆறு சோசர். கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும். அதில் யாரும் தேத்தண்ணி குடித்து நான் கண்டதில்லை. அன்ரி அதை இரண்டு துவாயில் சுற்றித் தானே கொண்டுவந்து தந்தார். “ரீச்சர், நீர்தான் கழுவ வேணும். வேற ஒருத்தரும் தொடப்படாது” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் வருவதாகச் சொல்லியிருந்தபடியால் ஆறு கப் தாராளம் என்று அம்மா நிம்மதியானார். எங்களுடைய காதில்லாத கப் கூட்டத்தைப் பொறுக்கி ஒரு ஓலைக் கடகத்தில் போட்டு, நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்தும் வைத்தார்.

வான் வந்து படலையில் நின்றது. நான் குசினி யன்னலால் இறங்குகிறவர்களை எண்ணினேன். மாப்பிள்ளை, தாய், தகப்பன், பெரியம்மா, தாய்மாமன், தாய்மாமனின் மனைவி, வான் ஓட்டி வந்த ஒன்றுவிட்ட தம்பி. ஏழு பேர்.

பிறகுதான் காரணம் தெரிந்தது. நல்ல காரியத்துக்கு ஒற்றை எண்ணில்தான் போகவேண்டும் என்பது அவர்கள் வீட்டுப் பிடிவாதம். ஐந்து பேராகத்தான் புறப்பட்டிருக்கிறார்கள். வழியில் பெரியம்மா தானும் வருவேன் என்று ஏறிவிட்டார். ஆறாகிப் போனது. ஆறோடு எப்படி வருவது? வானைத் திருப்பிக்கொண்டு போய், உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த தாய்மாமன் மனைவியைச் சேலை மாற்ற வைத்து ஏற்றி, ஏழாக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த மனிசி தலை ஈரத்தோடேயே வந்திருந்தார்.

குசினிக்குள் அம்மா தலையில் கை வைத்தார். கடகத்தை எடுக்கப் போனால் வந்தவர்களைத் தாண்டித்தான் போகவேண்டும்.  தங்கச்சி சுவர்த்தட்டில் கவிழ்த்திருந்த தன்னுடைய காதில்லாத சில்வர் பேணியை எடுத்தாள். கழுவினாள். தேத்தண்ணியை ஊற்றி ஆறு நீலப் பூக்களுக்கு நடுவில் வைத்தாள்.

“அடி, அதையோ கொண்டுபோகப் போறாய்?” என்றார் அம்மா.

“வான் ஓட்டி வந்த தம்பிக்குக் குடுப்பம். அவர் என்ன, சண்டைக்கோ வரப்போறார்?”

அந்தப் பேணியைப் பற்றிச் சொல்லவேண்டும். சண்டை முடிந்து சனமெல்லாம் முகாமில் இருந்த காலத்தில் குடும்பத்துக்கு ஒன்றாகச் சமையல் செற் கொடுத்தார்கள். இரண்டு அலுமினியப் பானை, ஒரு சருவம், அகப்பை, கோப்பைகள், பேணிகள். எல்லாக் குடும்பத்துக்கும் அச்சொட்டாக ஒரே சாமான். தறப்பாள் கொட்டில்களின் நடுவே இருந்த தண்ணீர்ப் பைப்படியில் நூறு வீட்டுப் பாத்திரம் ஒன்றாகக் கிடக்கும். எது யாருடையது என்று எப்படித் தெரியும்? ஆகவே எல்லோரும் அடையாளம் வைத்தார்கள். சிலர் பிடியில் வயர் சுற்றினார்கள், சிலர் பேர் வெட்டினார்கள். அம்மா யாரிடமோ கடன் வாங்கிய சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டார். சாம்பல் போட்டு நாலு தரம் தேய்க்க அது போய்விட்டது. அம்மா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. “என்ர சாமானை முகத்தைப் பாத்தாலே எனக்குத் தெரியும்” என்று சொல்லிப் பொறுக்கிக்கொண்டு வருவார்.

அப்படி வந்த பேணி அது. அடியில் ஆணியால் குத்தியது போல மூன்று புள்ளிகள் இருந்தன. செய்தவர்களின் அடையாளமாக்கும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். தங்கச்சி அப்போதிருந்து அதில்தான் தேத்தண்ணி குடிக்கிறாள். வேறு எதில் கொடுத்தாலும் ருசியில்லை என்பாள். ஊருக்குத் திரும்பி, வீடு கட்டி, புதுச் சாமான்கள் வாங்கிப் பழைய பானைகளெல்லாம் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போன பிறகும் பேணி மட்டும் சுவர்த்தட்டில் தன் இடத்தில் இருந்தது.

தங்கச்சி தட்டோடு போனாள். நான் பின்னால் பலகாரத்தோடு போனேன். முதலில் பெரியவர்களுக்கு நீட்ட வேண்டும் என்பதால் மாப்பிள்ளையின் தாயின் முன்னால் தட்டைப் பிடித்தாள். அந்த அம்மா ஒரு கணம் பார்த்தார். ஆறு நீலப் பூக் கப்பையும் விட்டுவிட்டுப் பேணியை எடுத்தார்.

“எனக்கு உந்தக் காது வச்ச கப்பெல்லாம் கை நடுங்கும். பேணிதான் சரி.”

அம்மாவின் முகம் செத்துப்போனது. மாமியாராக வரப்போகிறவர் கையில் பழைய சில்வர் பேணி, வான் ஓட்டியின் கையில் கனடாக் கப். ஆனாலும் அம்மா சொன்ன சொல் காத்தார். வாய் திறக்கவில்லை.

தேத்தண்ணி முடிந்தது. வயல், மழை, குரங்குத் தொல்லை எல்லாம் கதைத்து முடிந்தது. இனி விஷயத்துக்கு வரவேண்டும். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தாய் வெறும் பேணியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தவர், விரலை நிறுத்தினார். பேணியைக் கவிழ்த்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அடியைப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்தோம்.

“இது எங்கட பேணி,” என்றார்.

தாய்மாமன் வாய்க்குக் கொண்டுபோன பயற்றம் பணியாரத்தைப் பாதி வழியில் நிறுத்தினார்.  எனக்கு அம்மாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. மூலைக் கதிரையில் அம்மாவின் கழுத்து நிமிர்வது தெரிந்தது.

“என்ன சொன்னனீங்கள்?”

“எங்கட பேணி எண்டு சொன்னனான். இஞ்ச பாருங்கோ, மூண்டு புள்ளி. நான்தான் முகாமில ஆணியால குத்தினனான். இவர், நான், எங்கட மகன். வீட்டில மூண்டு பேர், அதால மூண்டு புள்ளி.”

“அப்ப நாங்கள் களவெடுத்தனாங்கள் எண்டு சொல்லுறியளோ?”

அப்பா பலமாக இருமினார். போச்சு என்று நினைத்தேன். நாலாவதும் போச்சு. தங்கச்சியைப் பார்த்தேன். அவள் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தன் தாயைப் பார்த்தார். அந்த மனிசனின் நெற்றி வேர்த்திருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு அவரை உண்மையாகப் பிடித்தது.

மாப்பிள்ளையின் தாய்க்குக் கேள்வி விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் பதறிப்போனார்.

“ஐயோ, களவோ? என்ன அக்கா நீங்கள். நான் மட்டும் ஒழுங்கோ? என்ர குசினியில ஒரு பானை இருக்கு, பிடியில பச்சை வயர் சுத்தினபடி. ஆரின்ர எண்டு கடவுளுக்குத்தான் தெரியும். இண்டைக்கு விடியவும் அதிலதான் சோறு வச்சிட்டு வந்தனான்.”

“அகப்பையும் எங்கட இல்லை,” என்றார் அவருடைய புருஷன். வந்ததிலிருந்து அந்த மனிசன் பேசிய முதல் வசனம் அது.

“எங்கட வீட்டுச் சருவத்தில வேற ஆரின்ரையோ பேர் வெட்டிக் கிடக்கு,” என்றார் தாய்மாமன் மனைவி. “அந்தப் பேரில எங்கட பரம்பரையிலயே ஒருத்தரும் இல்லை.”

“முகாமில இருந்து தன்ர செற்றோட வெளியில வந்த குடும்பம் ஒண்டைக் காட்டுங்கோ பாப்பம்,” என்றார் பெரியம்மா.

சிரிப்புத் தொடங்கிவிட்டது. எந்தப் பகுதியில் இருந்தீர்கள், எந்தப் பைப்படி என்று விசாரணை நடந்தது. இரண்டு குடும்பமும் ஒரே பைப்படி. மாப்பிள்ளையின் தாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது.

“அந்தப் பைப்படியில ஒரு மனிசி இருந்தவா, அக்கா. உங்களுக்கும் நினைவிருக்கும். அவாவுக்கு அடையாளமும் இல்லை ஒண்டும் இல்லை. முகத்தைப் பாத்தாலே தெரியும் எண்டு சொல்லி மற்றவையின்ர எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போவா. ஒருத்தரும் வாய் குடுக்க ஏலாது.”

அம்மா கூரையைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அப்பா சும்மா இருந்திருக்கலாம்.

“அது இவதான்,” என்றார் அப்பா.

அப்படி ஒரு சிரிப்பை எங்கள் வீடு கண்டதில்லை. வான் ஓட்டி வந்த தம்பி கப்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினார். மாப்பிள்ளையின் தாய் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, “அக்கா, குறை நினையாதேங்கோ, குறை நினையாதேங்கோ” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு அவருக்கும் தாங்கவில்லை. “உங்கட பேணி நல்ல முகவெட்டா இருந்திருக்கும், அதுதான் எடுத்திருக்கிறன்” என்று சொல்லிவிட்டுத் தானும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பைப்படியைப் பற்றி அம்மா சிரித்துக் கதைத்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். 

பிறகு பேணிக்குப் பங்கீடு நடந்தது. அம்மா அதைக் கழுவித் துடைத்து, “உங்கட சாமான், நீங்கள் கொண்டுபோங்கோ” என்று நீட்டினார். அவர், “சீச்சீ, இவ்வளவு காலம் இஞ்ச இருந்திட்டுது, இஞ்சயே இருக்கட்டும்” என்று தள்ளினார். இவர் நீட்ட, அவர் தள்ள, பேணி நடுவில் போய்வந்துகொண்டிருந்தது. நான் இடையில் புகுந்து, தங்கச்சி அதில்தான் தினமும் தேத்தண்ணி குடிக்கிறாள் என்பதைச் சொன்னேன்.

“பிள்ளை ஒவ்வொரு நாளும் இதிலயோ குடிக்கிறது?” என்று அவர் தங்கச்சியைப் பார்த்தார். “அப்ப நான் தொடமாட்டன். கட்டாயம் இஞ்சதான் இருக்க வேணும்.”

தங்கச்சி தட்டை மேசையில் வைத்தாள். அம்மாவின் கையிலிருந்து பேணியை வாங்கினாள். மாப்பிள்ளையின் தாயின் மடியில் கொண்டுபோய் வைத்தாள்.

“நீங்கள் கொண்டுபோங்கோ, மாமி. நான் அங்க வந்து குடிக்கிறன்.”

 முறைப்படி பார்த்தால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கலியாணத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல்லுக் கதைக்கவில்லை. சம்மதம் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. பெண்ணே எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். மாப்பிள்ளையின் கையில் கப் சோசரோடு சேர்ந்து கடகடவென்று ஆடியது. அது அன்ரியின் கப். நான் பாய்ந்துபோய்ப் பிடித்தேன்.

மாமி பேணியைச் சேலைத் தலைப்பில் சுற்றினார். கைப்பைக்குள் வைத்தார். பையின் வாயைப் பூட்டினார்.

“சரி, அப்ப கெதியா வாரும்,” என்றார்.

அவர்கள் போன கையோடு அன்ரி படலைக்கு வந்துவிட்டார். பல் செற்றும் போட்டபடிதான் வந்தார். “என்ன மாதிரி, செற்றோ?” என்றார். அம்மா துவாயில் சுற்றிய கப்புகளை அவர் கையில் கொடுத்து, “ஒண்டும் உடையேல்லை” என்றார். அன்ரி வீட்டுக்குப் போய் ஆறையும் எண்ணிப் பார்த்திருப்பார். ஆனால் கலியாணத்துக்கு அந்தச் செற்றையே பரிசாகக் கொண்டுவந்து கொடுத்தார். 

கலியாணம் கோயிலில் நடந்தது. மாங்குளத்து வீட்டு வாசலில் ஆலாத்தி எடுத்து, வலது காலை வைத்து உள்ளே போனதும், பொம்பிளை மாப்பிள்ளைக்குப் பாலும் பழமும் கொடுக்க இருத்தினார்கள். மாப்பிள்ளைக்கு நீலப் பூக் கப்பில் பால் வந்தது. தங்கச்சிக்கு அந்தப் பேணியில் வந்தது. மாமி சாம்பல் போட்டு மினுக்கியிருந்தார். புதிது மாதிரி இருந்தது.

கொஞ்சம் குடித்துவிட்டு வைப்பதுதான் வழக்கம். தங்கச்சி முழுவதையும் குடித்தாள். காலையிலிருந்து பட்டினி வேறு. குடித்து முடித்துப் பேணியைக் கவிழ்த்து அடியைப் பார்த்தவள், அப்படியே இருந்துவிட்டாள். அத்தனை பேருக்கு முன்னால் அவள் அழுதாள். கிட்டப் போனேன்.

“அக்கா, பார்,” என்று நீட்டினாள்.

பழைய மூன்று புள்ளிகளும் கறுத்துப்போய் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒன்று. அன்றைக்கோ முதல்நாளோ குத்தியிருக்க வேண்டும், வெள்ளையாக மினுங்கியது.

எனக்கும் அழுகை வந்துவிட்டது. அம்மா எங்கள் இருவரையும் விலக்கிக்கொண்டு வந்து பேணியை வாங்கினார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பெருவிரலால் அந்த நாலாவது புள்ளியை அழுத்தி, உள்ளேயும் தடவிப் பார்த்தார்.

“ஒழுகாது,” என்றார். “நல்லாத்தான் குத்தியிருக்கிறா.”